பற்றும் வரவும்

பற்று என்னும் சொல்லுக்கு நூலோர் வழக்கிலே ஒரு பொருளும், கடைத்தெரு வழக்கிலே வேறொரு பொருளும் உண்டு. நூலோர்க்குப் பற்றாவது, உள்ளம் ஒன்றனை விடாது பிடித்து நிற்றல். கடைக்காரர்க்கோ அஃது ஒருவர் தம் பெயரிலே எழுதிப் பெற்றுக்கொண்ட தொகை. அதற்கு எதிரே நிற்பது வரவு. இவ்விரு பொருளையும் ஒன்றோடொன்று மயங்கவிடாது வாழ்வது எளிதன்று. மயங்கவிட்டவன் அன்பு செய்யவேண்டிய இடத்திலே கணக்குப் பார்க்கின்றான்; கணக்குப் பார்க்கவேண்டிய இடத்திலே அன்பு செய்கின்றான். முன்னது சிறுமையைத் தரும். பின்னது இழப்பைத் தரும்.

இதற்குச் சான்று தேடிப் பழங்கதைகளிடம் போகவேண்டியதில்லை. அமெரிக்க நாட்டுக் கூடைப்பந்தாட்டத்திலே பெரும்புகழ் ஈட்டி, 2016ஆம் ஆண்டிலே ஓய்வுபெற்ற ரிம் டங்கன் என்பாருடைய வரலாறே போதும். தமிழ்ப் பண்டிதனுக்குப் பந்தாட்டத்திலே என்ன அலுவல் என்று அன்பர் சிலர் நகைத்தல் கூடும். பந்து எந்தக் கூடையில் வீழ்ந்தது என்பதன்று நான் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். கல்லூரியின் மீது ஒருவர் வைத்த பற்றும், பொருள் விடயத்திலே அவர் வைத்த நம்பிக்கையும் எவ்வாறு வேறு வேறு பயனைத் தந்தன என்பதே பொருள். இஃது ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் உரிய ஆராய்ச்சியேயாம்.

டங்கன் 1976ஆம் ஆண்டு ஏப்ரில் 25ஆந் திகதி, கரிபியன் கடலிலே அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட வேர்ஜின் தீவுகளுள் ஒன்றாகிய சென் குறோயிலே பிறந்தவர். இளமையில் அவர் பயின்றது நீச்சல். 1989ஆம் ஆண்டிலே வீசிய ஹியூகோ என்னும் பெரும்புயல் அத்தீவிலிருந்த பெரிய நீச்சற்குளத்தை அழித்துவிட்டது. அடுத்த ஆண்டிலே, அவருடைய பதினான்காவது பிறந்தநாளுக்கு முதல்நாள், தாயாரைப் புற்றுநோய் கொண்டுசென்றது. குளமும் போயிற்று, தாயும் போனார். அந்நிலையில் அவரிடம் எஞ்சி நின்றது தாயார்க்குக் கொடுத்த ஒரு வாக்கு. தம் பிள்ளைகள் கல்லூரியிலே படித்துப் பட்டம் பெறவேண்டும் என்று அவ்வம்மையார் விரும்பினார்; பிள்ளைகளும் அவ்வாறே செய்வதாக உறுதி கூறினர்.

நீச்சலை விட்டுக் கூடைப்பந்தைக் கையிலெடுத்த டங்கன், 1993ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்திலுள்ள வேக் பொறஸ்ற் பல்கலைக்கழகத்திலே சேர்ந்தார். 1995, 1996 ஆகிய இரண்டாண்டும் அப்பல்கலைக்கழக அணி தன் வட்டாரத்துப் போட்டியிலே முதன்மை எய்தியது. அமெரிக்காவிலே தொழில்முறை அணிகள், ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரரை முறைவைத்துத் தெரிந்தெடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. கல்லூரிப் படிப்பை முடியாதவரும் அத்தெரிவுக்குத் தம் பெயரைக் கொடுக்கலாம். டங்கன் 1995ஆம் ஆண்டிலேயே பெயரைக் கொடுத்திருப்பாராயின் முன்வரிசையிலே எடுக்கப்பட்டிருப்பார் என்று ஆட்டம் அறிந்தோர் கூறினர். கோடிக்கணக்கான டொலர் வாயிலில் வந்து நின்றது. அவரோ நான்காண்டும் இருந்து, உளவியலிலே பட்டம் பெற்று, 1997ஆம் ஆண்டிலேதான் வெளியேறினார்.

அந்நான்காண்டும் அவர் பந்தை மாத்திரம் கையிற் கொண்டிருந்தவரல்லர். மானிடவியலும் சீன இலக்கியமும் அவர் பயின்ற பாடங்களுட் சில. தற்பெருமை மிக்கோரைப் பிறர் எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதைப்பற்றித் தம் பேராசிரியரோடும் பிறரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, 1997இலே வெளிவந்த ஆராய்ச்சித் தொகுதியொன்றில் இடம்பெற்றது. புகழின் வாயிலிலே நின்ற ஓர் இளைஞர் தற்பெருமையை ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டது எண்ணி மகிழத்தக்கது.

இனி, 1996ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து ஆட்டம் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். அகில அமெரிக்கக் கல்லூரிப் போட்டியிலே, இறுதி நால்வருள் ஒருவராவதற்கான ஆட்டத்திலே, வேக் பொறஸ்ற் அணியும் கென்ரக்கிப் பல்கலைக்கழக அணியும் எதிர்ப்பட்டன. கென்ரக்கி அணி 83க்கு 63 என்னும் கணக்கிலே வென்றது. பின்னர் அவ்வாண்டுப் பெருவெற்றியையும் தனதாக்கிக்கொண்டது. அவ்வணியிலே ஆடியவருள் ஒருவர் அன்ரொயின் வோக்கர். சிக்காகோ நகரிலே, ஆறு பிள்ளைகளுள் மூத்தவராக, தாயொருவரே தாங்கிய குடும்பத்தில் வளர்ந்தவர். அவரும் 1976ஆம் ஆண்டிலே பிறந்தவரே. ஒரே வயதினராகிய இவ்விருவரும் ஒரே ஆடுகளத்தில் நின்றனர். அதன்பின் அவர்கள் வழி பிரிந்தது. வோக்கர் இரண்டாண்டுப் படிப்போடு கல்லூரியை விட்டு, அவ்வாண்டுத் தெரிவிலே ஆறாம் இடத்தில் பொஸ்ரன் அணிக்குச் சென்றார். டங்கன் கல்லூரிக்கே மீண்டார்.

வோக்கர் சிறந்த ஆட்டக்காரராக விளங்கினார் என்பதிலே ஐயமில்லை. மூன்றுமுறை விண்மீன் ஆட்டத்துக்குத் தெரிவுசெய்யப்பட்டார். 2006இலே மயாமி அணியோடு சேர்ந்து தொழில்முறைப் பெருவெற்றியையும் கண்டார். ஆட்டத்தினாலே அவர் ஈட்டிய ஊதியம் 10 கோடியே 80 இலட்சம் டொலருக்கு மேற்பட்டது. ஆயினும் 2010ஆம் ஆண்டு மே மாதத்திலே அவர் வங்குரோத்து மனுச் செய்தார். அம்மனுவிலே காட்டிய சொத்து ஏறக்குறைய 43 இலட்சம் டொலர். கடன் ஏறக்குறைய ஒரு கோடியே 27 இலட்சம் டொலர்.

அத்துணைப் பெருஞ்செல்வம் எங்ஙனம் கரைந்தது? மாளிகைகளும் வாகனங்களும் சில பங்கை உண்டன. உறவினரும் நண்பரும் சூழ்ந்திருந்து சில பங்கை உண்டனர். சூதாட்ட விடுதிகளுக்குக் கொடுத்த காசோலைகள் பணமின்றித் திரும்பியமையால், 2009இலே வழக்கும் வந்தது. இவை எல்லாவற்றிலும் பெரிது சிக்காகோ நகரிலே அவர் தொடங்கிய வீடு காணி வியாபாரம். அதன் பொருட்டு வாங்கிய வங்கிக் கடன்களுக்கு அவர் தாமே பிணை நின்றிருந்தார். 2008ஆம் ஆண்டு நெருக்கடியிலே அமெரிக்காவில் வீட்டு விலைகள் வீழ்ந்தபோது, வியாபாரத்தின் கடன் அவருடைய சொந்தக் கடனாய் வந்து தலைமேல் நின்றது.

இவ்வளவில் நிறுத்திவிட்டால், கல்லூரியில் நின்றவர் வாழ்ந்தார், விட்டுச் சென்றவர் கெட்டார் என்று ஓர் எளிய நீதி கிடைக்கும். ஆசிரியராகிய நமக்கு அந்நீதி இனிக்கும். மேடையிலே சொல்லுதற்கும் வசதியாயிருக்கும். ஆனால் அது மெய்யன்று. ஏனெனில் நான்காண்டு நின்று பட்டம் பெற்ற டங்கனும் பொருளிழந்தார்.

டங்கன் தொழில்முறை ஆட்டத்திலே 19 ஆண்டும் சான் அன்ரோனியோ என்னும் ஒரே அணிக்கு ஆடியவர். 1999, 2003, 2005, 2007, 2014 ஆகிய ஐந்தாண்டுகளில் அவ்வணி பெருவெற்றி எய்துதற்கு அவரே தூணாய் நின்றார். 2012இலே, அணி வலியுடையதாய் இருத்தற்பொருட்டு, தமது ஆண்டு ஊதியத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவும் உடன்பட்டார். அவர் ஈட்டிய மொத்த ஊதியம் ஏறத்தாழ 24 கோடி டொலர். வீண்செலவு செய்தார் என்றோ சூதாடினார் என்றோ அவரை ஒருவரும் பழித்ததில்லை.

அவருக்கு நிதி ஆலோசகர் ஒருவர் இருந்தார். தொழில்முறை ஆட்டத்தில் அவர் புதியவராயிருந்த காலந்தொட்டு வந்த தொடர்பு அது. அவ்வாலோசகர் சொல்லிய முயற்சிகளிலே டங்கன் முதலிட்டார். 2012இலே, அவ்வாலோசகர் தாமே தலைமை வகித்த விளையாட்டுப் பொருள் வியாபார நிறுவனம் ஒன்றுக்கு 75 இலட்சம் டொலர் கடன் கொடுத்தார். அடுத்த ஆண்டிலே, அந்நிறுவனம் பெற்ற 60 இலட்சம் டொலர் வங்கிக் கடனுக்குப் பிணையாகும் பத்திரத்திலும் அவருடைய கையெழுத்து வாங்கப்பட்டது. 2013ஆம் ஆண்டளவில், குடும்ப வழக்கொன்றின் பொருட்டுச் சொத்துக்களைப் பிறர் ஆராய்ந்தபோதே உண்மை வெளிப்பட்டது. 2015இலே டங்கன் வழக்குத் தொடுத்தார். 2 கோடி டொலருக்கு மேல் இழந்ததாக அவர் தரப்பிலே கூறப்பட்டது. 2017இலே அவ்வாலோசகர் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நான்காண்டுச் சிறையும், 75 இலட்சம் டொலரை மீளக் கொடுக்குமாறு கட்டளையும் பெற்றார்.

இவ்வரலாற்றை எங்கள் கலாசாலை மாணவர் மன்றத்திலே எடுத்துரைத்தபோது, மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, அப்படியாயின் அவருடைய விசுவாசமே அவருக்குப் பகையாயிற்று என்பதுதானே முடிபு? கல்லூரியை நம்பி இரண்டாண்டு ஊதியத்தை இழந்தார். ஆலோசகரை நம்பி 2 கோடி டொலரை இழந்தார். இரண்டும் ஒரே குணத்தின் பயன் அல்லவோ?” என்று வினவினார். கூரிய வினா. அதற்கு மன்றத்திலே நான் சொல்லிய விடையை இங்கே விரித்துரைக்க விரும்புகின்றேன்.

இரண்டும் ஒரே குணத்தின் பயன் போலத் தோன்றினும் ஒன்றல்ல. கல்லூரியிலே தங்கியபோது டங்கன் செய்தது என்ன? தாம் எதனை இழக்கின்றோம் என்பதை அவர் அறிவார். எதனைப் பெறுகின்றோம் என்பதையும் அறிவார். வாக்கு இன்னது, அதன் விலை இன்னது என்று இரண்டையும் கண்முன் வைத்துப் பார்த்து, வாக்கே பெரிது என்று துணிந்தார். அது கண் திறந்து வைத்த பற்று. ஆலோசகரிடத்திலோ, எதனைக் கொடுக்கின்றோம் என்பதையும் அவர் முழுதும் காணவில்லை. அதனாலே ஆலோசகர் எதனைப் பெறுகின்றார் என்பதையும் காணவில்லை. காணவொட்டாமல் மறைத்தது வஞ்சகரின் குற்றம்; அக்குற்றத்துக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது. ஆயினும், நெடுநாட் பழகியவர் என்பதனால் மறுகண்கொண்டு பார்க்கப்படாதிருந்த கணக்கே அவ்வஞ்சகத்துக்கு இடம் கொடுத்தது.

திருவள்ளுவர் அதிகாரங்களை வகுத்த முறையை மாணாக்கர் ஈண்டு நினைவு கூர்தல் நன்று. நட்பு என ஓரதிகாரம் வைத்தார். அதனை அடுத்து நட்பாராய்தல் என்பதனை வைத்தார். அதன்பின்னரே பழைமையை வைத்தார். பழைமையாவது, நெடுநாள் நண்பர் உரிமையாற் செய்வனவற்றைக் குறை காணாது ஏற்றுக்கொள்ளுதல். நட்பிலிருந்து பழைமைக்கு நேரே செல்லும் வழியை அவர் விடவில்லை. இடையிலே ஆராய்தல் என்னும் வாயிலைக் கட்டினார். மேலும், இம்மூன்றையும் அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில் வைத்தமையும் கருதத்தக்கது. அந்நடு வாயிலைக் கடவாது சென்ற பழைமையே டங்கனுடைய இழப்புக்கு வழியாயிற்று. ஆதலின் அவருடைய விசுவாசம் பழிக்கத்தக்கதன்று. ஆராயப்படாத விசுவாசமே அஞ்சத்தக்கது.

இரண்டாண்டு ஊதியத்தை இழந்தார் என்பதற்கும் விடை வேண்டும். அது வரவுக் கணக்கிலே இழப்புத்தான்; மறுக்கவில்லை. ஆனால் இறந்துபோன தாயார்க்குக் கொடுத்த வாக்கைக் கேட்டு வாங்குவார் ஒருவருமில்லை. கேட்பாரில்லாத கடனைத் தீர்ப்பவனே கடன் என்னும் சொல்லின் பொருளை அறிந்தவன். அத்தகைய செயலை ஊதியத்தோடு வைத்து நிறுத்தல், அன்பு செய்யவேண்டிய இடத்திலே கணக்குப் பார்ப்பதாய் முடியும்.

வேறொரு தடை எழுதல் கூடும். கல்லூரிமட்டும் தன்னலம் அற்றதோ? அவ்விளைஞரின் ஆட்டத்தினாலே சீட்டு விற்றதும், தொலைக்காட்சிப் பணம் பெற்றதும் கல்லூரிகள் அல்லவோ? அவர்க்குக் கிடைத்தது படிப்புச் செலவும் உணவும் உறையுளும் மாத்திரமல்லவோ? இத்தடை நியாயமானது. டங்கனும் வோக்கரும் ஆடிய நாளிலே, கல்லூரி ஆட்டக்காரர் தம் ஆட்டத்துக்கு ஊதியம் பெறுதல் விதியால் விலக்கப்பட்டிருந்தது. 2021ஆம் ஆண்டு யூலை மாதத்திலிருந்து, அவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று ஆயிற்று. 2025ஆம் ஆண்டு யூன் மாதத்திலே நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட இணக்கத்தின்படி, கல்லூரிகள் தம் ஆட்டக்காரர்க்கு நேரே பணம் பங்கிடலாம். முதலாண்டுக்கு ஒரு கல்லூரிக்கு வைத்த உச்ச வரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர். உழைத்தவனுக்குக் கூலி சேர்ந்தமையை நான் வரவேற்கின்றேன். விளையாட்டின் தூய்மை கெட்டது என்று கண்ணீர் விடுவோருள் பலர், அத்தூய்மையினாலே தாம் பொருளீட்டியவர்கள்.

ஆனால் இம்மாற்றத்தினால் கல்லூரியின் கடமை குறைந்துவிட்டதென்று கருதுதல் கூடாது, பன்மடங்கு கூடிற்று. முன்னே இருபது வயது கடந்து வந்த பொருட்சோதனை, இப்பொழுது பதினெட்டு வயதிலே வந்து நிற்கின்றது. ஆலோசகர் என்றும், தரகர் என்றும், பங்காளி என்றும் பலர் விடுதி வாயிலிலேயே வந்து நிற்பர். பணத்தைக் கொடுத்து, அதனைக் காக்கும் அறிவைக் கொடாது விடுதல், நீந்தத் தெரியாதவனுக்குத் தோணி கொடுத்துத் துடுப்பைக் கொடாமல் விடுவதை ஒக்கும்.

அவ்வறிவு பட்டத்தினால் தானே வரும் என்று இருத்தலும் பிழை. மனித உள்ளத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றவரே தம் அருகிருந்த ஒருவருடைய உள்ளத்தை அறியாது போனமையைக் கண்டோம். வோக்கரும் டங்கனும் குணத்தாலும் வாழ்க்கை முறையாலும் வேறுபட்டவர்கள். ஆயினும் இருவருடைய வரலாற்றிலும் ஒரு சொல் பொதுவாய் வருகின்றது, அது பிணை. ஒருவர் தம் வியாபாரத்துக்குப் பிணை நின்றார். மற்றவர் பிறருடைய வியாபாரத்துக்குப் பிணையாக்கப்பட்டார். பிணைப் பத்திரம் என்றால் என்ன, அதிலே கையெழுத்திட்டால் எவ்வளவு பொருள் எந்நிலையிலே நம்மைச் சாரும், இதனை நமக்கு எழுதித் தருபவர்க்கு இதனால் வரும் ஆதாயம் யாது, இவர் கூறுவதை இவரோடு தொடர்பில்லாத வேறொருவர் பார்த்தாரா என்னும் நான்கு வினாக்களை எழுப்பக் கற்றிருந்தால், இருவருடைய இழப்பிலும் பெரும்பகுதி தவிர்ந்திருக்கும். நான்கு வினாவைக் கற்பிக்க நான்காண்டு வேண்டியதில்லை. ஆனால் அவற்றைக் கற்பியாத நான்காண்டு குறையுடையதே.

மாணாக்கனிடத்திலே பற்றுக் கேட்கும் கல்லூரிகள் உலகெங்கும் உண்டு. பழைய மாணவர் சங்கம் கூட்டும், கொடி ஏற்றும், கட்டிட நிதிக்குப் பட்டியல் அனுப்பும். கேட்பதிலே தவறில்லை. ஆனால் தன் மாணாக்கர் வீழ்ந்த நாளிலே கல்லூரி எங்கே நின்றது என்பதும் ஒரு வினா. அவர் வீழாதிருத்தற்கு முன்பே என்ன செய்தது என்பது அதனினும் பெரிய வினா. பற்றானது இருபுறமும் எழுதப்படவேண்டிய ஏடு. ஒரு புறத்தை வெறுமையாய் விட்டு மறுபுறத்தை நிரப்பச் சொல்லும் நிலையத்தை வியாபார நிலையம் என்னலாம்; கல்வி நிலையம் என்னல் பொருந்தாது.

வோக்கரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லுதல் கடன். வீழ்ந்தபின் அவர் ஒளிந்திருக்கவில்லை. இளம் விளையாட்டு வீரர்களிடம் சென்று, தம் செல்வம் எவ்வாறு அழிந்தது என்பதைத் தாமே எடுத்துரைத்துப் பொருட்காப்பைப் போதிக்கும் பணியை மேற்கொண்டார். தான் வீழ்ந்த குழியின் கரையிலே விளக்கேற்றி நிற்பவனை ஆசிரியன் என்று அழைக்க நான் தயங்கேன். கல்லூரி கற்பியாததை வங்குரோத்து கற்பித்தது. ஆனால் அக்குருவுக்குக் கொடுக்கவேண்டிய தட்சணை மிகப் பெரிது. அதே பாடத்தை வகுப்பறையிலே, குறைந்த செலவில், பதினெட்டு வயதிலே கற்பித்தல் ஆகாதோ?

ஆசிரிய அன்பர்களுக்கு நான் கூறுவது இதுவே. மாணாக்கர்க்கு விசுவாசத்தைக் கற்பிப்போம். அதிலே குறை வைக்கவேண்டா. டங்கனைப்போல, கேட்பாரில்லாத வாக்கையும் காப்பாற்றும் உள்ளம் அவர்களிடத்தே வளர்க. அதனோடு கூடவே, கையெழுத்திடுமுன் முழுப் பத்திரத்தையும் படிக்கும் பழக்கமும் வளர்க. “உங்களை நம்புகின்றேன், ஆயினும் கணக்கைக் காட்டுங்கள்” என்று நெடுநாள் நண்பனிடம் முகங்கோணாது சொல்லும் துணிவும் வளர்க. அச்சொல்லைக் கேட்டு வருந்தாதவனே நம்பத்தக்க நண்பன். வருந்துபவன் இருப்பானாயின், அவன் வருத்தத்துக்கான காரணத்தை அன்றைக்கே ஆராய்தல் நன்று. பத்தாண்டு கழித்து நீதிமன்றத்திலே ஆராய்வதினும் அது செலவு குறைந்ததாகும்.